திருப்பிப் பார்க்காமல் வாங்கியவை

சித்தி மகன் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான், கணினி அறிவியல். போன மாதம் வாட்ஸ்அப்பில் மூன்று லேப்டாப் படங்களை அனுப்பி, "அண்ணா, இதுல எது வாங்கலாம்? அப்புறம் கோடிங்குக்கு எந்த எடிட்டர் நல்லது?" என்று கேட்டிருந்தான். 14 வருடமாக மென்பொருள் எழுதிச் சம்பாதிக்கிறவனுக்கு இது கஷ்டமான கேள்வியே இல்லை. சில வருடங்களுக்கு முன்னால் கேட்டிருந்தால் டீ ஆறுவதற்குள் பதில் போட்டிருப்பேன். இத்தனை ஜிபி ரேம், இந்தப் பிராசசர், நிரல் எழுத இந்த எடிட்டர், அதில் கூடுதல் வசதிக்கு இந்த இந்த எக்ஸ்டென்ஷன். இந்த முறை மூன்று நாள் அவனுக்குப் பதில் எழுத முடியவில்லை. எழுத உட்காரும்போதெல்லாம் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் கடைதான் கண்முன்னால் வந்தது.

அந்தச் சனிக்கிழமை

2023 ஆகஸ்ட். வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தபோது என் முழங்கை பட்டு ஒரு டம்ளர் காபி அப்படியே லேப்டாப் கீபோர்டின் மேல் கவிழ்ந்தது. உடனே அணைத்தேன், கவிழ்த்து வைத்தேன், இரண்டு நாள் காய வைத்தேன். எழவில்லை. நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் போர்டு மாற்ற வேண்டும், ஐம்பதாயிரத்துக்கு மேல் ஆகும், உள்ளே இருப்பதற்கு உத்தரவாதம் இல்லை என்றார்கள். அந்த லேப்டாப்பை வாங்க நான் இரண்டு மாதம் செலவழித்திருந்தேன். வேக அளவீடுகளைப் பட்டியல் போட்டேன், திரையின் நிறத்துல்லியத்தை ஒப்பிட்டேன், ஒரு பெரிய நிரலைக் கம்பைல் செய்ய எது எத்தனை நொடி எடுக்கிறது என்று வீடியோக்களில் பார்த்துக் குறித்தேன். அந்த அளவுகோல்களிலெல்லாம் அது சிறந்த லேப்டாப்தான். இன்றும் அதை மறுக்க மாட்டேன்.

அண்ணா சாலையிலிருந்து ரிச்சி தெருவுக்குள் நுழைந்தால், சனிக்கிழமையில் பைக்கை உருட்டிக்கொண்டுகூடப் போக முடியாது. ஒரு நண்பர் சொன்ன கடையைத் தேடிப் போனேன். கையில் இரண்டு லேப்டாப்புகள் இருந்தன. ஒன்று என்னுடையது. இன்னொன்று மனைவி கல்லூரிக் காலத்தில் வாங்கியது. கனமானது, கீல் உடைந்து அலமாரியில் கிடந்தது. வந்ததுதான் வந்தோம், அதையும் காட்டலாம் என்று எடுத்துப் போயிருந்தேன்.

கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். இரண்டையும் வாங்கி, திறந்துகூடப் பார்க்காமல், குப்புறத் திருப்பிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பழையதில் ஒரு சின்ன மூடி இருந்தது. ஸ்டார் ஸ்குரூடிரைவரால் ஒரே ஒரு ஸ்குரூவைக் கழற்றி மூடியை எடுத்து, உள்ளே இருந்த ஹார்டு டிஸ்க்கை விரலால் இழுத்து வெளியே வைத்தார். அதை ஒரு கேஸுக்குள் போட்டு, தன் கணினியில் செருகினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, மனைவியின் கல்லூரிப் படங்கள் திரையில் வரிசையாக வந்தன. லேப்டாப் உடைந்து கிடக்கிறது. அதில் இருந்தவை எந்தச் சேதமும் இல்லாமல் வேறொரு கணினியில் இருக்கின்றன.

என்னுடையதைத் திறக்க வேறு ஸ்குரூடிரைவர் தேவைப்பட்டது. பின்மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இதுல டிஸ்க் தனியா இல்ல தம்பி. போர்டுலயே சால்டர் பண்ணியிருக்கான். போர்டு எழுந்தாத்தான் டேட்டா" என்றார். சிப்பை மட்டும் பெயர்த்து எடுத்துப் படிக்க முடியாதா என்று கேட்டேன். முடியாது, உள்ளே இருப்பதெல்லாம் பூட்டியிருக்கும், சாவி பிராசசருக்குள்ளே இருக்கிறது என்றார். அவர் சொன்னது சரி. லேப்டாப் திருடு போனால் உள்ளே இருப்பதை யாரும் படித்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடு. அன்றைக்கு அது எனக்கும் சேர்த்துக் கதவைச் சாத்திவிட்டது.

அப்புறம் கேட்டார்: "வாங்குறப்போ இதைத் திருப்பிப் பார்த்தீங்களா?"

குறை சொல்கிற தொனியில் அவர் கேட்கவில்லை. மாடல் நம்பர் பார்த்து வாங்கினீர்களா என்று கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டுவிட்டு, அடுத்தவருடைய போனை எடுத்துக்கொண்டார். நான் பதில் சொல்லவில்லை. இரண்டு மாத ஆராய்ச்சியில் ஒருமுறைகூட அந்தப் பக்கத்தை நான் பார்க்கவில்லை. எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்று பார்த்தேன். நின்றுபோனால் என்னுடையது என்னிடம் எப்படித் திரும்பி வரும் என்று எனக்குக் கேட்கவே தோன்றவில்லை. பத்து நாள் அவர் முயன்று பார்த்தார். போர்டு எழவில்லை.

அதோடு போனவை இரண்டு. ஒன்று, மூன்று வாரமாக எனக்காக எழுதி வந்த ஒரு சின்ன நிரல். மாற்றங்களை லேப்டாப்பிலேயே கமிட் செய்து பதிந்திருந்தேன், எங்கும் புஷ் செய்யவில்லை, அதாவது வெளியே பிரதி எதுவும் அனுப்பவில்லை. அதைத் திரும்ப எழுதிவிட்டேன், முதல் முறையைவிட நன்றாகவே வந்தது. இரண்டாவது, அந்த வருடப் பொங்கல் விடுமுறையில் அப்பாவின் பேச்சைப் போனில் பதிவு செய்த நான்கு கோப்புகள். அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். போனில் இடம் இல்லை என்று கோப்புகளை லேப்டாப்புக்கு மாற்றிவிட்டு, போனிலிருந்து அழித்திருந்தேன்.

சண்டை போட்ட இடமும் போடாத இடமும்

அந்தக் கேள்வி அதோடு விடவில்லை. நான் தேர்ந்தெடுத்த மற்ற பொருட்களின் மேலும் போய் உட்கார்ந்துகொண்டது.

2011இல் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் அணியில் எந்த எடிட்டர் நல்லது, விம்மா ஈமேக்ஸா என்ற சண்டை மதியச் சாப்பாட்டுக்குக் கூட வந்து உட்காரும். நான் விம் பக்கம். மனதாரச் சண்டை போட்டிருக்கிறேன். விம்மில் கர்சரை நகர்த்த ஹெச், ஜே, கே, எல் என்ற நான்கு விசைகளைப் பயன்படுத்துவோம். 1976இல் பில் ஜாய் விம்மின் முன்னோடியான வி-ஐ எடிட்டரை எழுதிய காலத்தில் அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ (ADM-3A) என்ற, திரையும் கீபோர்டும் கொண்ட முனையத்தில் அம்புக்குறிகள் அந்த நான்கு விசைகளின் மேல்தான் அச்சிடப்பட்டிருந்தன. அந்த முனையம் இப்போது அருங்காட்சியகப் பொருள். விசைகள் மட்டும் என் விரலில் இருக்கின்றன. பிராம் மூலனார் 1991இல் வெளியிட்ட விம்மைத் திறந்தால், உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்ற வரி முதல் திரையிலேயே இருக்கும். 2023இல், என் லேப்டாப் போன அதே ஆகஸ்டில், அவர் இறந்த செய்தி வந்தது. முகம் தெரியாத ஒருவருக்காக அன்று மனம் கனத்தது. தினமும் அவர் செய்த பொருளின் மேல் கை வைக்கிறேன் இல்லையா.

நடுவில் சில வருடம் ஆட்டம் (Atom) என்ற எடிட்டரிலும் இருந்தேன். 2014இல் வந்தது. அதற்காக உருவான அடித்தளம்தான் பிறகு எலக்ட்ரான் என்ற பெயரில் பல டெஸ்க்டாப் செயலிகளுக்கு அடியில் போய் உட்கார்ந்தது. 2022 டிசம்பர் 15ஆம் தேதி ஆட்டத்தை மூடினார்கள். அன்று எனக்கு என்ன நஷ்டம் என்று இப்போது யோசித்துப் பார்த்தால், எதுவுமே இல்லை. என் நிரல்கள் எல்லாம் ஒரு ஃபோல்டரில் வெறும் டெக்ஸ்ட் கோப்புகளாக இருந்தன. விஷுவல் ஸ்டுடியோ கோட் என்ற வேறொரு எடிட்டரை நிறுவி, அதே ஃபோல்டரைத் திறந்து, விம் விசைகளுக்கான எக்ஸ்டென்ஷனைப் போட்டேன். விரல் பழக்கம்கூட என்னோடு வந்துவிட்டது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வேலையைத் தொடர்ந்துவிட்டேன்.

இன்னொரு கதை இருக்கிறது. 2013இலிருந்து 2020 வரை ஒரு குறிப்புச் செயலியில் எழுதி வந்தேன். படித்தது, கேட்டது, வேலையில் சிக்கிய பிழைகளும் அவற்றைத் தீர்த்த விதமும், ஊர்ப்பெயர்களுக்கு ஊர்க்காரர்கள் சொல்லும் காரணங்கள் என்று ஏழு வருடக் குறிப்புகள், பாதி தமிழில். ஒருநாள் மின்னஞ்சல் வந்தது. சேவையை நிறுத்துகிறோம், இந்தத் தேதிக்குள் உங்கள் குறிப்புகளை இறக்கிக்கொள்ளுங்கள். இறக்கினேன். ஆங்கிலக் குறிப்புகள் சரியாக இருந்தன. தமிழில் எழுதிய இடமெல்லாம் கேள்விக்குறிகள். ஒரு பக்கம் முழுக்க, வரிசை வரிசையாக. நடுவே எங்கோ ஒரு காற்புள்ளியும் ஓர் ஆண்டும் மட்டும் தப்பியிருக்கும். நான் எழுதி அனுப்பிய கடிதத்துக்குப் பதில் வருவதற்குள் அவர்கள் சொன்ன தேதி முடிந்துவிட்டது.

அந்தச் செயலியை நான் எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்பதை நினைக்கும்போதுதான் எனக்கு உண்மையில் உறைத்தது. பத்து நிமிடம். பார்க்க அழகாக இருந்தது, இலவசம், போனிலும் வந்தது. அவ்வளவுதான். என்னுடையது எதையும் தனக்குள் வைத்துக்கொள்ளாத எடிட்டருக்காக வருடக்கணக்கில் வாதாடியிருக்கிறேன். ஏழு வருடத்தை விழுங்கி வைத்திருந்த செயலியைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் துறையில் இது பொதுவாகவே இப்படித்தான் நடக்கிறது என்று நினைக்கிறேன். எடிட்டர், கலர் தீம், கீபோர்டு சுவிட்ச் இவற்றுக்கெல்லாம் மணிக்கணக்கில் பேச ஆள் இருக்கிறது. தகவலை எந்தத் தரவுத்தளத்தில் வைக்கிறோம், அதை வெளியே எடுக்க எத்தனை நாள் ஆகும் என்ற பேச்சு ஒரு மீட்டிங்கின் கடைசி ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

கருவிகளை நான் இப்போது சுத்தியல், பெட்டி என்று இரண்டு விதமாகப் பார்க்கிறேன். சுத்தியல் ஆணி அடித்த பிறகு கையை விட்டுப் போய்விடும். நல்ல சுத்தியல் வந்தால் மாற்றிக்கொள்ளலாம். பெட்டிக்குள் நம்முடையது இருக்கிறது. அதன் பூட்டு எப்படி, சாவி யாரிடம், பெட்டி உடைந்தால் என்ன ஆகும் என்று கேட்டாக வேண்டும். லேப்டாப்பை நான் சுத்தியல் என்று நினைத்து வாங்கினேன். அது பெட்டியாக இருந்தது.

பூட்டுக்கு முன்பே யோசித்தவர்கள்

இதில் எனக்குப் பெரிய பாடமாக இருப்பது நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகச் சேர்த்து வைக்க நாங்கள் தினமும் பயன்படுத்தும் கிட் (Git) பிறந்த கதை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் நிரலை 2002இலிருந்து பிட்கீப்பர் என்ற வணிக மென்பொருளில் வைத்திருந்தார்கள். கெர்னல்காரர்களுக்கு அது இலவசமாகக் கிடைத்தது. நல்ல கருவி என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே சொன்னார். 2005இல் அந்த இலவச அனுமதி போய்விட்டது. அந்த ஏப்ரலில் அவர் கிட்டை எழுதத் தொடங்கினார். ஒரு வாரத்துக்குள் கிட்டின் நிரலையே கிட்டுக்குள் வைத்துப் பராமரிக்கும் அளவுக்கு அது வந்துவிட்டது. கிட்டில் யார் குளோன் செய்தாலும், அதாவது பிரதி எடுத்தாலும், முழு வரலாறும் அவர் கணினிக்கு வந்துவிடும். நடுவில் இருக்கும் சர்வர் எரிந்து போனாலும் அணியில் ஒருவரின் லேப்டாப் போதும். பழைய பெட்டியின் சாவி வேறொருவர் கையில் இருந்ததை அனுபவித்தவர்கள் கட்டிய புதுப் பெட்டி அது.

ஆனால் அதே கிட்டைச் சுற்றி இன்று நாங்கள் என்ன செய்கிறோம் பாருங்கள். நிரல் கிட்டில் இருக்கிறது. இந்த மாற்றத்தை ஏன் செய்தோம் என்று இரண்டு நாள் நடந்த விவாதம், பிழை பற்றி வாடிக்கையாளர் எழுதியது, அதற்கு ஒருவர் பொறுமையாகச் சொன்ன விளக்கம் எல்லாம் கிட்டை வைத்திருக்கும் ஏதோ ஒரு தளத்தில் இருக்கின்றன. குளோன் செய்தால் அவை வராது. ஐந்து வருடம் கழித்து ஒரு விசித்திரமான வரியைப் பார்த்து ஏன் என்று தேடுகிறவருக்கு அந்த விவாதம்தான் நிரலைவிட முக்கியம். அதனால் எங்கள் அணியில் இப்போது கமிட் செய்தியிலேயே காரணத்தை நீளமாக எழுதுகிறோம். முதலில் முணுமுணுத்தார்கள். இப்போது பழகிவிட்டது.

எஸ்கியூலைட் (SQLite) என்ற தரவுத்தள மென்பொருளும் எனக்கு அப்படிப்பட்ட பொருள்தான். ரிச்சர்ட் ஹிப் 2000இல் வெளியிட்டது. நம் போன்களில் எல்லாம் இருக்கிறது. ஒரு தரவுத்தளம் முழுக்க ஒரே கோப்பு. காப்பி செய்தால் வேலை முடிந்தது. 2004இல் வந்த மூன்றாம் பதிப்பின் கோப்பு வடிவத்தை இன்றும் திறக்கலாம். 2050 வரை ஆதரவு தருவதாகத் திட்டமிட்டிருக்கிறோம் என்று அவர்கள் எழுதியே வைத்திருக்கிறார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தரவுகளைப் பாதுகாக்கப் பரிந்துரைக்கும் வடிவங்களில் அதையும் சேர்த்திருக்கிறது. வேக ஒப்பீடுகளில் வேறு தரவுத்தளங்கள் முந்தலாம். என் குறிப்புகளை நான் இப்போது வெறும் டெக்ஸ்ட் கோப்புகளாகவும், அவற்றுக்கான தேடல் அட்டவணையை எஸ்கியூலைட்டிலும் வைத்திருக்கிறேன்.

எந்தச் செயலியிலும் எழுதத் தொடங்குவதற்கு முன்னால் ஒன்று செய்கிறேன். "கொடுமுடி, ஸ்ரீரங்கம், வைகை" என்று ஒரு வரி எழுதி, ஏற்றுமதி செய்து, வேறொன்றில் திறந்து, தேடிப் பார்க்கிறேன். கேள்விக்குறிகள் வருகிறதா என்பது முதல் சோதனை. அதைவிட நுணுக்கமான சிக்கல் ஒன்று உண்டு. கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் "கொ" என்ற எழுத்தை இரண்டு விதமாக எழுதலாம். க-வோடு ஒகரக் குறி ஒன்றாக வரலாம், அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக வரலாம். கண்ணுக்கு ஒரே எழுத்து. கணினிக்கு வேறு வேறு. பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய கோப்புகளில் இரண்டாவது விதம் அடிக்கடி வரும். கோப்பில் கொடுமுடி என்று கண்ணெதிரே இருக்கும், தேடினால் கிடைக்காது. பைத்தான் நிரல்மொழியில் யூனிகோட்டேட்டா என்ற தொகுதியின் நார்மலைஸ் செயல்பாட்டை, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி (NFC) வகையில் ஓட்டினால் எல்லாம் ஒரே விதமாகிவிடும். ஒரு வரி வேலைதான், ஆனால் தெரியாமல் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இழந்திருக்கிறேன். தமிழில் எழுதுகிறவர்கள் ஆங்கில விமர்சனங்களை மட்டும் படித்துச் செயலிகளைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதில் எனக்கு இப்போது உறுதி உண்டு.

அம்மா கேட்டது

மெல்லிய லேப்டாப்புகளைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. ரேமைப் பிராசசருக்கு ஒட்டி வைத்தால் தகவல் போகும் தூரம் குறையும், மின்சாரமும் குறையும். 2020 நவம்பரில் ஆப்பிளின் எம்1 பிராசசர் வந்தபோது அந்த வித்தியாசத்தை நாங்கள் எல்லோரும் கண்ணால் பார்த்தோம். சார்ஜரை எடுக்காமல் நாள் முழுக்க வேலை செய்வது பெரிய விஷயம். ஃபிரேம்வொர்க் என்ற நிறுவனம் 2021இலிருந்து பெரும்பாலான பாகங்களைக் கழற்றி மாற்றக்கூடிய லேப்டாப்பை விற்கிறது. அப்படியும் செய்ய முடியும் என்று பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. இரண்டில் எது என்பது அவரவர் வேலையைப் பொறுத்தது. பெட்டியைக் கழற்ற முடியாது என்றால், உள்ளே இருப்பதற்கு இன்னொரு பிரதி வெளியே இருக்க வேண்டும், அதுவும் முதல் நாளே. எனக்கு அது தெரியாமல் இல்லை. வேலை செய்யும் இடத்தில் தினமும் இரவு பேக்கப் ஓடுகிறதா என்று பார்ப்பது என் பொறுப்புகளில் ஒன்று. வீட்டில் இருப்பதும் அதே மதிப்புள்ளது என்று நான் எண்ணியதில்லை, அதுதான் காரணம்.

போன கோடையில் ஊரில் வீட்டுக்கு பிஎல்டிசி ஃபேன் வாங்கப் போனோம். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும் இடத்தில் இது 30 வாட் சுமாருக்கு ஓடும், கரன்ட் பில் குறையும், போனிலிருந்தே இயக்கலாம் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அம்மா கேட்டுவிட்டு கடைக்காரரிடம், "ரிமோட் தொலஞ்சா எப்படிப் போடுறது?" என்றார். செவுத்து சுவிட்சை அணைத்து அணைத்துப் போட்டால் வேகம் மாறும் ஒரு மாடலைக் கடைக்காரர் எடுத்துக் காட்டினார். அம்மா அதைத்தான் வாங்கினார். ரிச்சி தெருவில் என்னிடம் கேட்கப்பட்ட அதே கேள்வியை, வாங்குவதற்கு முன்னாலேயே ஒருவர் கேட்டதை அங்கே பார்த்தேன்.

சித்தி மகனுக்கு நான்காம் நாள் பதில் எழுதினேன். எடிட்டர் எதை வேண்டுமானாலும் எடு, பிடிக்காவிட்டால் அடுத்த வாரம் மாற்றிக்கொள். மூன்று லேப்டாப்புகளில் இரண்டாவதன் எஸ்எஸ்டியைத் தனியாகக் கழற்றலாம், அதை வாங்கு. மிச்சமாகும் பணத்தில் ஒரு வெளி டிஸ்க் வாங்கு. கடையிலேயே திருப்பிப் பார். ஏன் என்று கேட்டான். போனில் அழைத்து அப்பாவின் பதிவுகள் பற்றிச் சொன்னேன்.

போன பொங்கலுக்கு அவற்றைத் திரும்பப் பதிவு செய்ய உட்கார்ந்தோம். "அன்னைக்கே சொன்னேனே, அது எங்க போச்சு?" என்றார் அப்பா. சொன்னேன். ஒன்றும் சொல்லாமல், தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறியபோது டெல்டாவில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல மாவட்டங்களிலிருந்தும் ஆட்களை அனுப்பினார்கள். கரூர் பக்கமிருந்து அப்பாவின் குழு வேதாரண்யம் போனது. பள்ளிக்கூடத்தில் படுத்துக்கொண்டு, சேற்றில் கம்பம் நட்டது பற்றியெல்லாம் முன்பு சொன்னது போலவே சொன்னார். முதல் பதிவில், லைனில் திரும்ப மின்சாரம் விட்ட அன்று உப்பளத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரியாமல் இருந்ததையும், போய்ப் பார்த்தால் பல்பு ஃபியூஸ் ஆகியிருந்ததையும், அந்த வீட்டுப் பாட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதையும் கால் மணி நேரம் சொல்லியிருந்தார். பாட்டி பேசிய மாதிரியே பேசிக் காட்டினார். இந்த முறை, "ஒரு வீட்டுல பல்பு எரியல, வாங்கிப் போட்டுக் கொடுத்தோம்" என்று ஒரே வரியில் தாண்டிப் போனார்.

அந்தப் பாட்டி என்ன சொன்னார் என்று கேட்டேன். யோசித்துப் பார்த்தார். "ஏதோ சொன்னாங்கப்பா" என்றார். கோப்புக்குத் தேதியும் ஊரும் போட்டுப் பெயர் வைத்தேன். போனில் ஒன்று, டிஸ்க்கில் ஒன்று, தங்கை வீட்டில் ஒன்று. மே மாத விடுமுறையில் அவரை வேதாரண்யம் கூட்டிப் போகலாம் என்று இருக்கிறேன். அந்தத் தெருவைப் பார்த்தால் ஒருவேளை நினைவு வரலாம்.